காற்றுத் தடையைப் புறக்கணிக்க

இந்த வரியை 33 வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எறிபொருள் கணக்கா, மாடியிலிருந்து விழும் கல்லா, சாய்தளத்தில் உருளும் பந்தா, எதுவானாலும் கடைசியில் இந்த ஒரு வரி இருக்கும். பிள்ளைகளும் புறக்கணித்தார்கள், நானும் புறக்கணித்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, ஆடி மாதத்தில் ஜன்னலைச் சாத்தாமல் பாடம் நடத்த முடியாத ஒரு வகுப்பறையில் நின்றுகொண்டு அப்படி எழுதினேன் என்பதுதான் வேடிக்கை.

பதிவு கொஞ்சம் நீளம். சைக்கிளில் ஆரம்பித்து ஒரு மாணவனிடம் போய் முடியும். நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

பணி ஓய்வு பெற்ற மறு வருடம், என் மகன் வேலை மாறிப் போகும்போது தன்னுடைய ரேஸ் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். ஒல்லியான டயர், மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார். ஆறு மாதம் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்குச் சலிப்பு. ஒருநாள் விடிகாலை அதை எடுத்துத் துடைத்து, காற்றடித்து, ஏறி உட்கார்ந்தேன். வீட்டம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்த வயசுல இப்படிக் குனிஞ்சுகிட்டு எங்க போய்ச் சேரப் போறிய?" என்றாள். நியாயமான கேள்விதான்.

சைக்கிளில் மகன் மாட்டியிருந்த சின்ன மீட்டர் வேகம் காட்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் பேசிக்கொண்டே போகலாம். 25-இல் பேச்சு நின்றுவிடும். 30-ஐத் தொட்டால் ஐந்து நிமிடத்தில் நாக்கு தள்ளும். முதல் வாரம் வயசுதான் காரணம் என்று நினைத்தேன். அப்புறம்தான் வாத்தியார் புத்தி வேலை செய்தது. ஒருநாள் மதியம் பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

நானும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. சமதளத்தில் டயர் உருள்வதற்கான தடை ஏறத்தாழ 4 நியூட்டன். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் அது பெரிதாக மாறாது. காற்றின் தடை அப்படி இல்லை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 20 கிலோமீட்டரில் அது ஆறரை நியூட்டன், 30-இல் பதினான்கரை, 40-இல் 26. விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். 20-க்கு 60 வாட், 30-க்கு 155 வாட், 40-க்கு 330 வாட்டுக்கு மேல். அதாவது வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்க, உழைப்பை இரண்டரை மடங்கு ஆக்க வேண்டும். 30-இல் போகும்போது நான் மிதிக்கும் ஐந்து பங்கில் நான்கு பங்கு காற்றை விலக்குவதற்கே போகிறது. நான் புறக்கணிக்கச் சொன்னது அந்த நான்கு பங்கை.

காற்றுத் தடையைக் குறைக்க என்ன வழி? காற்றின் அடர்த்தியை நாம் மாற்ற முடியாது. வேகத்தைக் குறைக்க மனம் வராது. மிச்சம் இருப்பது காற்றுக்கு நாம் காட்டும் முன்பரப்பும் வடிவமும்தான். சைக்கிளை எவ்வளவு செதுக்கினாலும் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் மொத்தத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஆளுடையது. லட்சக்கணக்கில் செலவழித்து மெல்லிய கம்பிச் சக்கரம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. முழங்கையை மடக்குவதற்குப் பைசா செலவில்லை.

இதைச் சோதித்தும் பார்த்தேன். ஊருக்கு வெளியே நீளமான, மெல்லிய இறக்கம் ஒன்று உண்டு. காற்றில்லாத விடிகாலை ஐந்தரை மணிக்குப் போய், மிதிக்காமல் உருண்டு, அடியில் இருக்கும் மைல்கல் அருகே மீட்டரைப் பார்ப்பேன். நிமிர்ந்து உட்கார்ந்து கையை நேராக நீட்டியிருந்தால் 25. பிரேக் பிடியின் மேல் கை வைத்து உடம்பைச் சாய்த்தால் 28. முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாக்கி, தோளைக் குறுக்கித் தலையை இறக்கினால் 30. அதே ஆள், அதே சைக்கிள், அதே இறக்கம்தான். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது இந்தச் சோதனையைச் செய்ய ஏன் தோன்றவில்லை என்று அன்று வெகுநேரம் யோசித்தேன்.

அப்புறம் யூடியூபில் பழைய பந்தயங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் பழக்கம் வந்தது. அதில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 1989-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ். மூன்று வாரம், 3,200 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிவிட்டு, கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனித்தனியாக நேரம் பார்த்து ஓட்டும் பந்தயம். பிரான்சின் லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருக்கிறார். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் அதைத் தாண்ட வேண்டும். முடியாது என்றே எல்லோரும் எழுதினார்கள்.

லெமாண்டின் ஹேண்டில்பாரில் முன்பக்கமாக நீட்டிய ஒரு வளையம் இருந்தது. அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கைகளை முன்னால் சேர்த்து, கும்பிடு போடுவதுபோல் வைத்துக்கொண்டு ஓட்டினார். அதை வடிவமைத்த பூன் லெனன் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சியாளர். மலையிலிருந்து சறுக்கி வருகிறவர்கள் உடம்பைக் குறுக்குவதைப் பார்த்துப் பழகியவர். தலையில் பின்பக்கம் கூம்பிய ஹெல்மெட். ஃபின்யோனுக்கு ஹெல்மெட் இல்லை. பொன்னிறக் குடுமி காற்றில் அடித்துக்கொண்டிருக்க, கைகளை அகற்றி வைத்து ஓட்டினார். லெமாண்ட் அவரை 58 வினாடி முந்தினார். மொத்தப் பந்தயமும் 8 வினாடியில் முடிந்தது. டூர் வரலாற்றில் இவ்வளவு சிறிய வித்தியாசம் வேறு இல்லை.

குடுமியால் தோற்றார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தக் கடைசி நாட்களில் ஃபின்யோனுக்கு உட்காரும் இடத்தில் புண். சீட்டில் உட்காரவே வலி. அந்த வலியோடு 24 கிலோமீட்டர் உயிரைக் கொடுத்து ஓட்டிய மனிதரைக் குடுமிக்காரர் என்று முடித்துவிடலாமா? சைக்கிளில் உட்காரும் முறை என்பது காற்றோடு மட்டும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அல்ல. இடுப்பு, முதுகு, கழுத்து, தோல் என்று எல்லாவற்றோடும் செய்துகொள்வது.

இதை எனக்கு உடம்பே சொல்லிக் கொடுத்தது. லெமாண்ட் மோகத்தில் ஒரு மெக்கானிக் பையனிடம் போய் ஹேண்டில்பாரை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கச் சொன்னேன். "சார், கழுத்து வலிக்கும்" என்று அவன் சொன்னதைக் கேட்கவில்லை. பத்து நாளில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. சட்டைப் பித்தான் போடத் தடுமாறினேன். உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு, உடம்பின் பாரம் முழுக்க அங்கே இறங்குவதால் நசுங்குகிறது. தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க வேண்டியிருப்பதால் பிடரி இறுகியது. குனியக் குனியத் தொடை வந்து தொப்பையில் முட்டும். மூச்சு மேலேயே நின்றுவிடும். இளைஞனுக்கு இடுப்பு மடியும். எனக்கு முதுகு மட்டும்தான் மடிந்தது.

இவ்வளவு அவஸ்தைக்குக் கிடைத்த லாபம் என்ன என்று அதே டைரியில் கணக்குப் போட்டேன். என் கால் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கும் திறன் 110 வாட் என்று வைத்தால், 26 கிலோமீட்டர் வேகம் 27 ஆகும். 40 கிலோமீட்டர் போய் வந்தால் மூன்றரை நிமிடம் மிச்சம். அந்த மூன்றரை நிமிடத்துக்கு இரண்டு மாதம் விரல் மரத்துக் கிடந்தேன்!

மறுபடி அந்தப் பையனிடமே போனேன். அவன் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. ஹேண்டில்பாரை மூன்று விரற்கடை உயர்த்தினான். சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினான். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் முழுசாக நீளாமல் லேசாக மடிந்திருக்கும்படி சீட்டின் உயரத்தைச் சரிசெய்தான். "சார், பாரத்தைக் கையில போடாதிய. வயித்துல பிடிங்க. முழங்கையை மட்டும் இளக்கி விடுங்க" என்றான். இப்போது வேண்டும்போது ஐந்து நிமிடம் குனிகிறேன், வேண்டாதபோது நிமிர்கிறேன். விரல் சரியாகிவிட்டது.

இந்தக் குனியும் கலையில் பெரிய ஆள் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ. தானே ஒரு சைக்கிள் செய்தார். இரண்டு பாதமும் நெருங்கி இருக்க வேண்டும் என்பதற்காக நடு அச்சில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்கைப் போட்டார். கைகளை மடக்கி நெஞ்சுக்கு அடியில் செருகிக்கொண்டு, 1993 ஜூலையில் நார்வேயின் ஹமார் நகரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. மறு வருடமே அந்த முறைக்குத் தடை போட்டது. அவர் கைகளை முழுசாக முன்னால் நீட்டி, சூப்பர்மேன் பறப்பதுபோல் இன்னொரு முறையைக் கண்டுபிடித்தார். 1996-இல் கிறிஸ் போர்ட்மேன் அதே பாணியில் 56.375 கிலோமீட்டர் போனார். அதையும் தடை செய்தார்கள்.

2021 ஏப்ரலில் இன்னும் இரண்டு தடை வந்தது. சாலைப் பந்தயத்தில் இறக்கத்தில் சீட்டை விட்டு இறங்கி, நடுக் கம்பியில் உட்கார்ந்து குறுகிக்கொண்டு போகக்கூடாது. சாதாரண ஹேண்டில்பார் மேல் முன்கையை ஊன்றிக்கொண்டும் ஓட்டக்கூடாது. கை பிரேக்குக்குத் தொலைவில் இருக்கும், சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் கட்டுப்பாடு போய்விடும் என்பது காரணம். கூட்டமாகப் போகும்போது ஒருவர் விழுந்தால் இருபது பேர் விழுவார்கள். அதனால் தடையில் நியாயம் உண்டு.

அந்தச் செய்தியோடு ஒரு படம் போட்டிருந்தார்கள். ஒரு வீரர் ஹேண்டில்பார் மேல் இரண்டு முன்கையையும் படுக்கப்போட்டு, மணிக்கட்டு முன்னால் தொங்க, கன்னம் கையை உரச ஓட்டுகிறார். பார்த்த உடனே இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு பையன். கிழக்கே ஒன்பது கிலோமீட்டரில் அவன் ஊர். அப்பாவுடைய பழைய இரும்பு சைக்கிளில் வருவான். காற்றாலைகள் ஒன்றிரண்டாக முளைத்துக்கொண்டிருந்த காலம். கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்றுக்கு அங்கே எந்த மறைப்பும் கிடையாது. அவன் மேற்கே பார்த்துத்தான் வர வேண்டும். ஆனியில் தொடங்கி ஆவணி முடியும்வரை அவன் தினமும் பிந்தினான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒன்பதே கால் மணி அடித்த பிறகு வருகிறவன் முதல் பாடவேளை முடியும்வரை வெளியே நிற்க வேண்டும் என்பது என் சட்டம். யாரும் சொல்லி வைத்ததில்லை, நானே வைத்தது. முதல் பாடவேளை பெரும்பாலும் என்னுடையதுதான்.

"ஏம்ல லேட்டு?"

"எதுக்க காத்து சார்."

இதைச் சொன்னதும் வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். "எல்லாருக்கும்தான்ல காத்து அடிக்கி" என்று சொன்னதாக ஞாபகம்.

ஒருநாள் நான் பஸ்ஸில் வரும்போது அவனைச் சாலையில் பார்த்தேன். இரண்டு முழங்கையையும் ஹேண்டில்பார் மேல் படுக்கப்போட்டு, முகவாய் ஏறத்தாழ கம்பியைத் தொட, புத்தகப் பையை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். வகுப்பில் எழுப்பி நிறுத்தினேன். "ரோட்டுல சர்க்கஸ் காட்டுதியோ? இனிமே நிமிந்து உக்காந்துதான் ஓட்டணும், பார்த்தேன்னா சைக்கிளைப் பிடுங்கிருவேன்" என்றேன். சரி சார் என்றான். விழுந்துவிடுவானே என்ற பயமும் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அது எந்த வருடம் என்று கணக்குப் பார்த்தேன். 1989. லெமாண்ட் பாரிஸில் முழங்கையை ஊன்றி ஓட்டியது ஜூலை 23, நம் கணக்கில் ஆடி பிறந்து ஒரு வாரம். அவர்கள் இருவரும் ஒரே ஆடியில் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

டைரியை எடுத்தேன். இந்த முறை அவனுக்காகக் கணக்கு. பையன், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 75 கிலோ. காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம், 36 நிமிடத்தில் பள்ளிக்கூடம். எதிர்க்காற்று 25 கிலோமீட்டர் என்று வைப்போம். அந்தக் கணவாய்க்கு இது அதிகமே இல்லை. அதே வேகத்தில் வர வேண்டுமென்றால் அவன் உடம்பு சந்திக்கும் காற்று 40 கிலோமீட்டர். விசை ஏழு மடங்கு. அது லேசில் ஆகாது. வழக்கமாக உழைப்பதைப்போல் இரண்டு மடங்கு உழைத்தால்கூட வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தொடாது. 55 நிமிடம் ஆகும். குனிந்து, முழங்கையை ஊன்றினால் 49 நிமிடம்.

ஆறு நிமிடம். நிமிர்ந்து உட்காரச் சொல்லி நான் அவனிடமிருந்து பிடுங்கியது அந்த ஆறு நிமிடத்தை. வகுப்பில் யாரையும்விட இரண்டு மடங்கு உழைத்துவிட்டு வந்தவனைத்தான் வராந்தாவில் நிற்க வைத்திருந்தேன். பிளஸ் டூவில் மற்ற பாடங்களில் எல்லாம் நன்றாக வாங்கியவன், இயற்பியலில் 200-க்கு 74. அப்போது தேர்ச்சிக்கு 70 வேண்டும். "பிசிக்ஸ்ல அவனுக்கு நாட்டம் இல்ல" என்று ஆசிரியர் அறையில் நான்தான் சொன்னேன். இயக்கவியல் முழுவதையும் அவன் வராந்தாவில் நின்று, சாத்திய ஜன்னலுக்கு வெளியேயிருந்து கேட்டான்.

91-இல் முடித்த பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அங்கே கேட்டு எண் வாங்கினேன். வாங்கிய பிறகும் மூன்று வாரம் கூப்பிடவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். இப்போது சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். குரலைக் கேட்டதும், "சார், நல்லாருக்கியளா?" என்றான். நான் 'நீங்க' என்று ஆரம்பித்து, அது வாயில் நிற்காமல் 'நீ'க்கு வந்துவிட்டேன்.

கணக்கைச் சொன்னேன். 36, 55, 49 என்று எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டான். மன்னிப்பு என்ற சொல்லைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, "ஸாரிப்பா" என்றேன்.

"எட்டரைக்குத்தான் சார் கிளம்ப முடியும். பால் சொசைட்டில ஊத்திட்டு, பாத்திரம் கழுவி வச்சிட்டு வரணும்லா" என்றான். அந்த ஒரு தகவலை நான் 1989-இல் கேட்டிருக்க வேண்டும்.

"கணக்குல்லாம் எனக்குத் தெரியாது சார். குனிஞ்சா காத்து மேல போயிரும். அதான் குனிஞ்சேன். நீங்க சொன்ன பொறவும் குனிஞ்சுதான் வந்தேன். உங்க பஸ்சு போற நேரம் மட்டும் நிமிந்துக்கிடுவேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் போட்டுராதிய" என்றான். போடவில்லை.

போனை வைக்கும் முன் நான் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி விசாரித்தான். காலையில் எந்தப் பக்கம் போகிறேன் என்று கேட்டான். கிழக்கே காவல்கிணறு வரை போய்த் திரும்புகிறேன் என்றேன்.

"அப்போ வரும்போதுல்லா சார் எதுக்க காத்து? களைச்சுப்போன பொறவு காத்துல வந்து மாட்டாதிய. முதல்ல மேக்க போங்க. திரும்பி வரும்போது அதுவே தள்ளிக் கொண்டுவந்து விட்டுரும்" என்றான்.

மறுநாளிலிருந்து மேற்கே போகிறேன்.